வந்து தொலை

பக்கத்து வீட்டு அக்கா திட்டுவதை நிறுத்தியபோதுதான் அந்த வீட்டில் ஏதோ பெரிய கேடு வந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. அதற்கு முன்பே அவள் புருஷனுக்குத் தொண்டையில் கட்டி, ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அது எந்த வீட்டிலும் வரக்கூடியதுதான். ஆனால் அந்த அக்கா வாயை மூடிக்கொண்டு இருப்பது உலகத்தில் நடக்கிற காரியமா?

நான் தையல்காரன். என் மெஷின் கிடக்கிற ஜன்னலுக்கும் அவர்கள் முற்றத்துக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஓட்டு வீடு, அதை ஒட்டி ஆட்டுக் கொட்டகை, இரண்டு பசுக்கள், எப்போது பார்த்தாலும் சேற்றைக் கிளறுகிற வாத்துகள், முற்றத்தின் ஓரமாக நீளமான கல்தொட்டி. முற்றத்தில் நின்றால் எதிரே ஓடை, ஓடைக்கு அப்பால் புல் சரிவு. காலையில் ஆடுகள் மரப்பாலத்தில் வரிசையாகத் தாண்டி அந்தச் சரிவுக்குப் போகும். மந்தைக்கு முன்னால் போகிற கிழட்டுப் பெண்ணாட்டுக்குப் 'பெரியம்மா' என்று பெயர். கிடாவுக்கு 'மாப்பிள்ளை'. உட்கார்ந்து தின்பதைத் தவிர வேறு வேலை செய்யாது என்பதால் அக்கா வைத்த பெயர்.

அக்காவின் புருஷனான அண்ணனை எல்லாரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவோம். வெண்கலத் தொண்டை. சரிவின் உச்சியில் நின்று "ஹேஏஏய்… ப்பா… ப்பா… ப்பாஹ்" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் என் ஊசி தடுமாறும். அந்தக் குரலுக்கு மந்தை மொத்தமும் இறங்கி வருவதை வழியோடு போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். அவரும் சும்மா இருக்க மாட்டார். "பாத்தீங்கல்ல? நாயும் வேணாம், கம்பும் வேணாம். தொண்டை ஒண்ணு போதும்" என்பார்.

அக்காவின் தொண்டையும் லேசுப்பட்டது இல்லை. பகலெல்லாம் புருஷனிடம் "சாப்பிட வாங்க", "சட்டையக் கழட்டிக் குடுங்க" என்று மரியாதைதான். சாயங்காலம் தவிட்டுத் தண்ணீர் கலக்கித் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலி வாளியை நங்கென்று கல்லில் வைப்பாள். அதோடு அந்த 'ங்க' எங்கேயோ ஓடிப்போய்விடும்.

"ஏ மனுஷா! பொழுது சாஞ்சது கண்ணுக்குத் தெரியலையா? எந்தக் கல்லு மேல உக்காந்து யார்கிட்ட வாயளந்துக்கிட்டு இருக்க? வந்து தொலை!"

அந்தக் கடைசி 'தொலை' ஓடையைத் தாண்டி, சரிவில் மோதி, திரும்பி வரும். பிறகு அவருடைய வெண்கலக் குரல் கேட்கும். பிறகு ஆட்டு மணிகள். அதைக் கேட்டுத்தான் நான் மெஷினை மூடுவேன். அவர்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடிகாரம் வாங்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தின் கீழே ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். தூசி போகாமல் மறைக்க மெல்லிய துணியில் நாடா வைத்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். "இதுல தண்ணி மட்டும் போயிடவே கூடாது தம்பி. மழையில நனையக் கூடாது, ஓடையில இறங்கக் கூடாது. மனசு நோகாமப் பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னார்" என்றாள் அக்கா. இதையும் காதோடு காதாகத்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே ரகசியம் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. வாளியைக்கூட ஓசைப்படாமல் இறக்கி வைப்பாள். சாயங்காலம் பாலம் வரை போய் நின்று, புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வர்றீங்களா? கஞ்சி ஆறுதுங்க" என்பாள். அது பாலத்தைக்கூடத் தாண்டாது.

ஆடுகள் இறங்கி வரவில்லை. முதல் நாளே வரவில்லை. அண்ணன் கையைத் தட்டினார், தகரத்தைத் தட்டினார், கம்பை வீசினார். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் சிதறும். கடைசியில் லாரி ஓட்டப் போயிருந்த மகனை வரவழைத்தார்கள். அவனும் நானும் சரிவெல்லாம் ஓடி, முட்செடியில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஓட்டி வருவோம். பத்தாததற்கு ஒரு குட்டியை நரி கொண்டுபோனது. ஒரு சினையாடு பாறையில் வழுக்கிக் கால் ஒடிந்து கிடந்தது. தினமும் இதே கூத்து. என் மெஷினில் முடிக்காத துணி மலையாகக் குவிந்தது.

"ஆடு அப்பா குரலுக்குப் பழகினதும்மா. குரல் போச்சு, ஆடும் போச்சு. எல்லாத்தையும் வித்துட்டு பசுவ மட்டும் வெச்சுக்கலாம்" என்றான் மகன்.

"வித்துட்டா உங்கப்பா என்னடா செய்வார்?"

"வீட்ல இருக்கட்டும்."

"வீட்ல இருந்து?"

அவன் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் வண்டியையும் வேலையையும் விட்டுவிட்டு எத்தனை காலம் ஆட்டுப் பின்னால் ஓடுவான்?

இதற்கிடையில் அண்ணனுக்கு மூளையும் கொஞ்சம் பிசகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆட்டுக்குட்டிக்கு மருந்து கொடுக்கும்போதுகூட ஒரு சொட்டு சிந்தாத மனுஷர், சேற்றுக் காலோடு அடுப்பங்கரைக்குள் நடந்தார். அக்கா ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள். மறுநாள் தோட்டத்துப் படலைத் திறந்துபோட்டுவிட்டார். வாத்துகள் நாற்றுப் பாத்தியைச் சூறையாடிவிட்டன. அக்கா உட்கார்ந்து திரும்பவும் விதை ஊன்றினாள். ஒருநாள் கறந்து வைத்திருந்த பால் குவளையை, என் கண்முன்னாலேயே, காலால் தட்டிவிட்டார். தட்டிவிட்டு அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரவாயில்லைங்க. கால்ல பட்டுச்சா? வலிக்குதா?" என்றாள் அவள்.

அண்ணன் கொட்டகைக்குள் போய் வைக்கோல் மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பழைய அக்காவாக இருந்தால் அந்தப் பாலுக்கு ஏழு தலைமுறையை இழுத்திருப்பாள்.

குளம்பு சீவுகிற நாளில்தான் அவள் மனதில் கிடந்தது வெளியே வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் அதைச் செய்தே ஆக வேண்டும். விட்டால் வளர்ந்த குளம்புக்குள் சேறு புகுந்து அழுகிவிடும். அண்ணன் ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, பிட்டத்தில் உட்காரவைத்து, முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொள்வார். அப்படி உட்கார்ந்த ஆடு, சவரத்துக்கு உட்கார்ந்த ஆள் மாதிரி பேசாமல் இருக்கும். வளைகத்தியால் ஓரத்தைச் சீவிக்கொண்டே போய், உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுவார். அக்கா மருந்து தடவுவாள். ஆள் குறைவு என்று என்னையும் ஆட்டின் கால் பிடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

அண்ணன் அடுத்த ஆட்டைப் பிடிக்கப் போன நேரத்தில் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"என் வாய்தான் தம்பி இதுக்கெல்லாம் காரணம்."

"எதுக்குக்கா?"

"ஒருநாள் கோபத்துல சொல்லிட்டேன். 'எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கியே, அந்தத் தொண்டை அடைச்சுப் போகாதா'ன்னு. என் வாயில என்ன இருந்துச்சோ. அடைச்சே போச்சு." மருந்துக் கையோடு கண்ணைத் துடைக்கப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன், அந்த மருந்து கண்ணில் பட்டால் அவ்வளவுதான். "இனிமே செத்தாலும் அவரை ஒரு சொல்லு சொல்ல மாட்டேன் தம்பி. சத்தியம் பண்ணிட்டேன்."

"அடப் போங்கக்கா. நீங்க திட்டினதெல்லாம் பலிச்சிருந்தா இந்தத் தெருவுல ஒருத்தன் உயிரோட இருப்பானா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அண்ணன் மாப்பிள்ளைக் கிடாவை இழுத்துக்கொண்டு வந்தவர், பெண்டாட்டி அழுவதைப் பார்த்து நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, கிடாவை விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவளைச் சுட்டிக் காட்டினார். ஐந்து விரலையும் குவித்து, வாய் திறந்து மூடுகிற மாதிரி வேகமாகத் திறந்து மூடினார். சரிவைக் காட்டினார். பிறகு இரண்டு விரலை நடக்கவிட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார். திரும்பவும் அதையே செய்தார்.

"தெரியுதுங்க. எவ்வளவு சத்தமாப் பேசுவீங்க, எவ்வளவு தூரம் நடந்துட்டு வருவீங்க. எல்லாம் எனக்குத் தெரியுதுங்க" என்று அக்கா இன்னும் பெரிதாக அழுதாள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்து அவருக்குக் கையெழுத்தோடு சரி. நானும் பெரிய அறிவாளி மாதிரி, "பசிக்குதுங்கிறார் போலக்கா" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், கை எட்டும் தூரத்தில் வளைகத்தி வேறு கிடந்ததால், நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் ஆட்டு வியாபாரியை வரச் சொல்லிவிட்டார்கள். அக்காதான் சம்மதித்தாள். "தினமும் அந்த ஏமாத்தத்தோட நிக்கிறவரப் பாக்க முடியல தம்பி. ஆடு இல்லன்னா மறந்துடுவார்" என்றாள். ஆடு இல்லையென்றால் அந்த மனுஷர் ஒரு மூலையில் சுருண்டுவிடுவார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை யார் வாயைத் திறந்து சொல்வது?

வியாபாரி வந்த அன்று காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. மகன் வழக்கம்போல மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டிருந்தான், வெறும் வயிற்றோடு வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று. வியாபாரி மதியம் தாண்டித்தான் வந்தார். தேன் ஒழுகப் பேசுகிற ஆள். "நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரி கொண்டுபோவேம்மா" என்றார். கொண்டுபோய் என்ன செய்வார் என்று ஊருக்கே தெரியும். அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"மழை பிடிச்சா வண்டி ஏறாதும்மா. சீக்கிரம் இறக்கச் சொல்லுங்க."

மகன் ஒரு யோசனை வைத்திருந்தான். எப்போதோ விளையாட்டாக அப்பா குரல் கொடுப்பதைப் போனில் எடுத்து வைத்திருக்கிறான். அதை ஸ்பீக்கரில் போட்டால் ஆடு வந்துவிடும் என்று, லாரியிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். முற்றத்தில் வைத்துப் போட்டான்.

"ஹேஏஏய்… ப்பா… ப்பா… ப்பாஹ்."

அதே வெண்கலம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அண்ணன் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நிற்கிற அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, சரிவைப் பார்த்தேன். ஒரே ஒரு ஆடு தலையைத் தூக்கிற்று. பிறகு அதுவும் குனிந்து மேய ஆரம்பித்துவிட்டது. மகன் திரும்பத் திரும்பப் போட்டான். ம்ஹூம்.

மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. மேலே எங்கேயோ முன்னாடியே பெய்திருக்க வேண்டும், ஓடை கலங்கலாக ஏறத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மரப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிடும். ஆடுகள் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்ளும். பால் குடிக்கிற குட்டிகள் இந்தக் குளிரில் தாங்காது.

"பாலம் தாண்டி மேட்டு வழியா ஓடலாம் மாமா, வாங்க" என்று மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கொட்டகை வாசலில் அண்ணன் இல்லை.

பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவில்லை அந்த மனுஷர். நேரே ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை தண்ணீர். கழுத்துத் துணி நனைந்து ஒட்டிக்கிடந்தது. அடுத்த அடியில் இடுப்பு வரை போனார். நடுவில் பள்ளம். அங்கே கால் தடுக்கினால் தண்ணீர் கழுத்துக்கு வர எவ்வளவு நேரமாகும்? மகன் "அப்பா!" என்று கத்தினான். அவர் திரும்பவே இல்லை.

அக்கா முற்றத்தின் விளிம்புக்கு ஓடினாள். வழியில் கிடந்த வாளியைக் காலால் உதைத்தாள். அது நங்கென்று தொட்டியில் மோதியது.

"ஏ மனுஷா!"

மகன் என் கையை விட்டுவிட்டான். அப்படி ஒரு குரல்.

"ஏ மனுஷா! அறிவு இருக்கா உனக்கு? கழுத்துல ஓட்டைய வெச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள போறியே, உன் ஆடுதான் உனக்குச் சோறு போடுதா? நான் ஒருத்தி இங்க மனுஷியா மரமா? உன்னக் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இதே பாடு! திரும்பு! திரும்பிப் பாருன்னா! வந்து தொலை!"

அந்தத் 'தொலை' மழையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரிவில் மோதித் திரும்பி வந்தது.

அண்ணன் நின்றார். அப்படியே இடுப்பளவு தண்ணீரில் நின்று, திரும்பி, அவளைப் பார்த்தார். ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு கரைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அக்கா அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவைப் பார்த்தது மகன்தான்.

"அம்மா! அங்க பாரு! பெரியம்மா!"

கிழட்டுப் பெண்ணாடு தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, எனக்கு நேரமாகிவிட்டது என்பது மாதிரி, பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அதன் பின்னால் இரண்டு. பிறகு ஒரு கூட்டம். குட்டிகள் தாய்களுக்கு அடியில் புகுந்து புகுந்து ஓடி வந்தன. மாப்பிள்ளை கடைசியாக எழுந்து சோம்பல் முறித்தது.

"நிறுத்தாதம்மா! திட்டு! இன்னும் திட்டு!" என்று மகன் குதித்தான்.

"என்னடா உளறுற?"

"உன் சத்தத்துக்குத்தாம்மா வருது! திட்டும்மா!"

அக்கா புரிந்தும் புரியாமலும் திட்டினாள். அன்றைய தவறு தீர்ந்துபோய், கொட்டிய பாலை எடுத்தாள், வாத்துகளை எடுத்தாள், சேற்றுக் காலை எடுத்தாள். அதுவும் தீர்ந்துபோய்க் கல்யாணத்தன்று அவர் நேரம் கழித்து வந்ததை எடுத்தாள். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் ஒன்றாக ஓடியது. "வந்து தொலை! வந்து தொலை!" என்று அவள் கத்தக் கத்த, ஆடுகள் மணி ஒலிக்கப் பாலத்தைத் தாண்டி நேராகத் தவிட்டுத் தொட்டிக்கு வந்து முகத்தை வைத்தன. தொட்டியில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அவளை முறைத்தன.

அண்ணன் கரையேறி வந்து முற்றத்தில் நின்றார். தோள் குலுங்கிற்று. அழுகிறார் என்று நினைத்தேன். அந்த ஆள் சிரிக்கிறார். சத்தமே இல்லாமல், கழுத்துத் துணி படபடக்கச் சிரிக்கிறார். அக்கா முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள். துணியை அவிழ்த்து, துளைக்குள் தண்ணீர் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

அவர் அவளைச் சுட்டிக் காட்டினார். விரல்களைக் குவித்து வாய் மாதிரி திறந்து மூடினார். சரிவைக் காட்டினார். இரண்டு விரலை நடக்கவிட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார்.

குளம்பு சீவிய நாளில் காட்டிய அதே சைகை. அட கடவுளே, நான் பசிக்கிறது என்றேனே!

"அப்ப, இத்தனை வருஷமா உங்க குரலுக்கு வரலையாப்பா?" என்றான் மகன்.

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு கொட்டகைக் கூரையைப் பார்த்தார். முதலில் அவள் கத்துவாள், ஆடுகள் தலையைத் தூக்கும், அதற்குப் பிறகுதான் இவர் தொண்டையைத் திறப்பார். வெண்கலம் என்ற பெயரை வாங்கிக்கொண்டு போனது இவர். மகன் சிரித்தான். நான் சிரித்தேன். வியாபாரிகூடச் சிரித்தார், நிலைமை தெரியாமல்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப, பாலக் கொட்டுனது? வாத்த விட்டது?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"நான் திட்டணும்னா?"

அதற்கும் ஆமாம்.

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என் வாயாலதாங்க உங்க தொண்டை போச்சு. அடைச்சுப் போகட்டும்னு நான் சொன்னேன்ல? அதனாலதாங்க நான் வாயத் திறக்கல."

அண்ணன் அவள் முகத்தை நிமிர்த்தினார். பிறகு இரண்டு விரலை உதட்டில் வைத்து, சிகரெட்டை இழுத்து ஊதுகிற மாதிரி ஊதிக் காட்டினார். ஒன்று. அது முடிந்ததும் அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு அந்த விரல்களாலேயே தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கடைசியாக அவள் வாயைக் காட்டி, இல்லை என்று கையை அசைத்தார்.

அக்கா அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

"ஏத்தலாமாம்மா?" என்றார் வியாபாரி.

"எத? வண்டியத் திருப்புங்க. டீ குடிச்சீங்கல்ல, போய்ட்டு வாங்க" என்றாள் அவள், முகத்தை எடுக்காமலேயே.

மகன் மறு வாரம் லாரிக்குத் திரும்பிவிட்டான். போவதற்கு முன்னால், "ஆட்டக் கூப்பிட்டா போதாதாம்மா? அப்பாவ எதுக்குத் திட்டணும்? உடம்பு முடியாதவர்" என்றான். அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் வாளியை வைத்துவிட்டு, "வாங்க… எல்லாரும் வாங்க… நேரமாச்சுங்க" என்று கூப்பிட்டாள். நல்ல சத்தமாகத்தான் கூப்பிட்டாள். மந்தை குனிந்த தலை நிமிரவில்லை. சரிவில் இருந்த பெரிய பாறைக்குப் பின்னால் அண்ணனின் தொப்பி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அதுவும் அசையவில்லை.

அக்கா வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பாத்தியா தம்பி? மரியாதை குடுத்தா ஆடும் வரல, ஆளும் வரல."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் மெஷினை மூட எழுந்தேன்.